சாய்ந்த பலாமரமும் மஞ்சள் கிழங்கும்: வேர், தண்டு பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "பண்ருட்டிப் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கிய பலாக்கன்றைக் கடலூர் வீட்டுத் தோட்டத்தில் வைத்து நான்கு வருடம் ஆகிறது. பத்தடி வளர்ந்த மரம், போன ஐப்பசி மழையில் பெரிய காற்றுகூட இல்லாமல் சாய்ந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் வேர் பந்து போலச் சுருண்டு கிடக்கிறது. ஏன் இப்படி? இன்னொன்று, மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மஞ்சள், சேனை, மரவள்ளி இதில் எது வேர், எது தண்டு, உள்ளமைப்பை வைத்து எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்கிறாள்."

மகளின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால் பலா ஏன் சாய்ந்தது என்பதைப் பாதிக்குமேல் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மண்ணுக்குள் இருந்தால் வேர், வெளியே இருந்தால் தண்டு என்றுதான் எல்லோரும் மனதில் வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கை விட்டுவிட்டுக் கணுவைத் தேடச் சொல்லுங்கள். தண்டு என்றால் அதில் கணு இருக்கும். கணுவில் ஒரு இலையோ, காய்ந்த செதிலோ, இலை உதிர்ந்த தழும்போ இருக்கும். அந்த இலைக்கும் தண்டுக்கும் இடையிலான கோணத்தில் ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். வேரில் கணு கிடையாது, இலை கிடையாது, வரிசையாக வரும் மொட்டும் கிடையாது.

பச்சை மஞ்சள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் வளையம் வளையமாகக் கோடு தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒரு கணு. அதில் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற பழுப்புத் தோல்தான் செதில் இலை. பக்கவாட்டில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது மொட்டு, விரலி மஞ்சள் கிளைப்பது அந்த மொட்டிலிருந்துதான். ஆக மஞ்சள் மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு. இஞ்சியும் அப்படியே. உருளைக்கிழங்கின் 'கண்' கணுவில் இருக்கும் மொட்டு. வெங்காயத்தில் அடியில் வேர் ஒட்டியிருக்கும் தட்டையான வட்டு மட்டும்தான் தண்டு, நாம் நறுக்குவதெல்லாம் இலையின் அடிப்பகுதி. சேனையில் நடுவே ஒரு பெரிய மொட்டும் சுற்றி வளையத் தழும்புகளும் இருப்பதால் அதுவும் தண்டு. சேனையை நடும்போது ஒவ்வொரு துண்டிலும் அந்த நடு மொட்டில் ஒரு பங்கு வரும்படி ஆப்பு வடிவில் வெட்டுவது இதனால்தான். மொட்டு இல்லாமல் ஓரத்தை மட்டும் வெட்டி நட்டால் முளைப்பது சந்தேகம்.

மரவள்ளியில் இது எதுவும் கிடைக்காது. தோலை உரித்தால் வழுவழுவென்று இருக்கும், கணு இல்லை. வேகவைத்து உடைத்தால் நட்டநடுவில் ஒரு நார் வரும். அது வேரின் மையத்தில் ஓடும் நீர்க்குழாய்க் கற்றை. கிழங்கு வேர் என்பதற்கு அந்த நாரே சாட்சி. மரவள்ளி பயிரிடுகிறவர்கள் கிழங்கை நடுவதில்லை, கணு உள்ள குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நடுகிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 'முளைத்தால் தண்டு' என்று மகள் சுருக்கிக்கொள்ளக் கூடாது. சர்க்கரைவள்ளி வேர்தான், ஆனாலும் முளைக்கும். கறிவேப்பிலையின் வேரில் மண்வெட்டி பட்டால் அந்த இடத்திலிருந்து கன்று கிளம்பும். அவை வேரில் புதிதாக உண்டாகும் மொட்டுகள், இலைத் தழும்பும் ஒழுங்கும் இல்லாமல் கண்ட இடத்தில் வரும். முளையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் கணுவும் செதிலும் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் சரி.

நம் பக்கத்து மல்லாட்டையைப் பலர் வேர்க்கிழங்கு வகையில் சேர்த்துவிடுகிறார்கள், வேர்க்கடலை என்ற பெயர் அப்படி. அது வேரும் இல்லை, தண்டும் இல்லை, காய். பூ மண்ணுக்கு மேலே பூத்து, கருவுற்ற பிறகு அதன் அடியிலிருந்து ஒரு காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்து உள்ளே காயாகிறது. அதைத்தான் விவசாயிகள் 'விழுது இறங்குது' என்கிறார்கள். மண்ணுக்குள் இருக்கும் அந்தக் காயிலிருந்து நீர் ஆவியாவது மிகக் குறைவு என்பதால் செடியின் நீர்க்குழாய் வழியாக அதற்குச் சுண்ணாம்புச் சத்து போதிய அளவு வந்து சேராது, காய் தானே சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்ச வேண்டும். இறவை மல்லாட்டைக்கு 40-45ஆம் நாளில் எக்டேருக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் 400 கிலோ போட்டு மண் அணைக்கச் சொல்வது அந்தக் காரணத்துக்காக. ஜிப்சத்தைச் செடியை விட்டுத் தள்ளிப் போட்டால் பருப்பில்லாத பொக்குக் காய்தான் மிஞ்சும்.

வாழையும் ஏமாற்றும். மரம் மாதிரி நிற்பது இலையுறைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட உருளை. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கட்டை, கன்றுகள் வெடிப்பது அதன் மொட்டுகளிலிருந்து. குலை தள்ளும் காலத்தில் அந்தக் கட்டையின் நுனி உறைகளுக்கு நடுவே மேலேறி வரும், பொரியலுக்கு நாம் நறுக்கும் வாழைத்தண்டு அதுதான். ஆகவே 'வாழைத்தண்டு' என்ற சமையல் பெயர் தாவரவியல்படியும் சரி.

இனி உள்ளே போவோம்.

வேரில் வேலை நடக்கும் இடம் நுனி. இதைக் கண்ணால் பார்க்க ஒரு தேக்கரண்டி கடுகு போதும். ஈரமான டிஷ்யூ காகிதத்தில் தூவி, ஒரு தட்டால் மூடி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் நீண்டிருக்கும். நுனியை விட்டுச் சற்றுத் தள்ளி, சுற்றிலும் பஞ்சு ஒட்டியது போல மெல்லிய ரோமம் தெரியும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பூஞ்சை என்றால் விதைத் தோல், காகிதம் என்று எல்லா இடத்திலும் படரும். இந்த ரோமம் வேரின் ஒரு குறிப்பிட்ட பட்டையில் மட்டும், எல்லாக் கன்றிலும் ஒரே இடத்தில் இருக்கும். இவைதான் வேர்த்தூவிகள்.

நுனியில் தொப்பி போல இருப்பது வேர்மூடி. மண்ணில் உரசி இதன் செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும், வழவழப்பான பசை சுரக்கும், உள்ளிருந்து புதுச் செல்கள் ஈடுகட்டும். இதன் நடுச் செல்களில் உள்ள ஸ்டார்ச் மணிகள் எந்தப் பக்கம் படிகின்றன என்பதை வைத்துத்தான் வேருக்குக் கீழ்த்திசை தெரிகிறது. அதற்குப் பின்னால் செல்கள் பிரிந்து பெருகும் ஆக்குத்திசு. அதற்குப் பின்னால் செல்கள் நீளும் பகுதி, சில மில்லிமீட்டர்தான், ஆனால் நுனியை மண்ணுக்குள் தள்ளுகிற விசை இந்த நீட்சியிலிருந்துதான் வருகிறது. அதையும் தாண்டிய பிறகே வேர்த்தூவி முளைக்கும். முன்னாலேயே முளைத்தால் வேர் நகரும்போது மண்துகள்களில் சிக்கி அறுந்துபோகும். வளர்ச்சி நின்ற இடத்தில் முளைப்பதால் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ள முடிகிறது.

ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு புறச்செல்லின் நீட்சி. பெரும்பாலானவை சில நாட்களே உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் டிட்மர் என்பவர் 1937இல் நான்கு மாத வயதுள்ள ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களைக் கழுவி எடுத்துக் கணக்கிட்டார். வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல் வந்தது, தூவிகள் ஏறத்தாழ 1,400 கோடி.

இதைத் தெரிந்துகொண்டால் நாற்று ஏன் வாடுகிறது என்பது புரியும். கத்தரி, மிளகாய் நாற்றைக் காய்ந்த பாத்தியிலிருந்து பிடுங்கும்போது தடித்த வேர் முழுதாக வந்தாலும் தூவிகள் மண்ணோடு போய்விடும். வயலில் தண்ணீர் நின்றாலும் செடியால் குடிக்க முடியாது. புது நுனி வளர்ந்து புதுத் தூவி வரும்வரை இரண்டு மூன்று நாள் தலை தொங்கும். பிடுங்குவதற்கு முன் நாற்றங்காலை நன்றாக நனைப்பதும், வெயில் தாழ்ந்த பிறகு நடுவதும் இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான்.

தூவி உறிஞ்சிய நீர், வெளித்தோலுக்கு அடுத்து உள்ள புறணி என்ற செல் அடுக்குகள் வழியாக உள்ளே போகிறது. புறணிச் செல்களின் சுவர்கள் நனைந்த துணி மாதிரி, உப்பு கலந்த நீர் சுவர் வழியாகவே தடையில்லாமல் ஊறிப் போகும். ஆனால் மையத்தைச் சுற்றி அகத்தோல் என்று ஒரு செல் வளையம் இருக்கிறது. அதன் செல்களுக்கு இடையிலுள்ள சுவரில் நீர் புகாத ஒரு பூச்சுப் பட்டை ஓடுகிறது. காஸ்பேரியன் பட்டை என்று மகளின் பாடத்தில் இருப்பது அதுதான். அங்கே சுவர் வழி அடைபட்டுப் போகிறது. உயிருள்ள செல்சவ்வைக் கடந்துதான் எதுவும் உள்ளே போக முடியும், எதை விடுவது எதைத் தடுப்பது என்று சவ்வு பொறுக்குகிறது. பிச்சாவரத்தில் கடல்நீரில் நிற்கும் சுரபுன்னை உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி வெளியே நிறுத்துகிறது. பக்கத்திலேயே வளரும் வெண்கண்டல் ஓரளவு உப்பை உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையைத் தடவினால் உப்புத் துகள் கையில் ஒட்டும்.

இப்படிப் பொறுக்குவதற்கு ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு வேர் சுவாசிக்க வேண்டும், சுவாசத்துக்கு மண்ணில் காற்று வேண்டும். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. வேரடியில் நீர் தேங்கினால் ஓரிரு நாளிலேயே வேர் திணறத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் ஒரு செடி ஈர மண்ணில் நின்றபடியே வாடினால் அது தாகம் இல்லை, மூச்சுத்திணறல். அப்போது தண்ணீர் ஊற்றுவது கொல்வதற்குச் சமம், வடிகால் வெட்ட வேண்டும். நெல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை, இலையிலிருந்து வேர்வரை காற்று இறங்க உள்ளே இடைவெளிகள் வைத்திருக்கிறது. வெண்கண்டலோ சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடும் வேரிலிருந்து பென்சில் கனத்தில் குச்சி குச்சியாகச் சுவாச வேர்களை மேலே நீட்டுகிறது. பிச்சாவரத்தில் நீர் வற்றும் நேரத்தில் படகில் போனால் ஒரு மரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் அவை நிற்பதைப் பார்க்கலாம். இந்தக் குச்சிகளை ஒடித்தாலோ மண் போட்டு மூடினாலோ மேலே பச்சையாக இருக்கும் மரம் மெல்லச் செத்துவிடும்.

அகத்தோலுக்கு உட்புறம் ஒட்டினாற்போல் பெரிசைக்கிள் என்ற அடுக்கு. பக்க வேர்கள் இங்கிருந்துதான் கிளம்பி, அகத்தோலையும் புறணியையும் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன. தண்டில் கிளை மேற்பரப்பிலுள்ள மொட்டிலிருந்து வரும். வேர், தண்டு வேறுபாட்டில் கணுவுக்கு அடுத்தபடியாக நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வேறுபாடு குழாய்களின் அமைப்பு. நீரைக் கொண்டுபோவது சைலம், இலையில் தயாரான சர்க்கரையைக் கொண்டுபோவது ஃபுளோயம். தண்டில் இரண்டும் ஒரே கற்றையில், சைலம் உட்புறமும் ஃபுளோயம் வெளிப்புறமுமாகச் சேர்ந்திருக்கும். வேரில் அப்படி இல்லை, மையத்தைச் சுற்றி ஒரு சைலம், ஒரு ஃபுளோயம் என்று மாறி மாறித் தனித்தனி ஆரங்களில் நிற்கும். முதலில் உருவான நுண்ணிய சைலம் குழாய்கள் வேரில் வெளிப்பக்கம் இருக்கும், தண்டில் மையத்தை நோக்கி இருக்கும். வெளிநோக்கு, உள்நோக்கு என்று பாடத்தில் வருவது இதுதான். மா, காசித்தும்பை போன்ற இருவிதையிலைத் தாவரங்களின் வேரில் சைலம் கைகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு, நெல், மக்காச்சோளம் போன்ற ஒருவிதையிலைத் தாவரங்களின் வேரில் ஆறுக்கு மேல், நடுவில் பித்து என்ற மென்மையான திசுவும் தெளிவாக இருக்கும்.

ஏன் இப்படி என்பதைக் கயிற்றையும் குழாயையும் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். வேரை இழுக்கும் விசைதான் அதிகம், இழுவைக்குத் தாங்க வலுவெல்லாம் கயிறு மாதிரி நடுவில் திரண்டிருப்பது நல்லது. தண்டைக் காற்று வளைக்கிறது, வளைவுக்குத் தாங்க வலு ஓரத்தில் வளையமாக இருக்க வேண்டும், சைக்கிளின் இரும்புக் குழாய் மாதிரி. இந்தக் காரணம் புரிந்தால் படத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வார்த்தை. இளந்தண்டையோ வேரையோ கேரட் துண்டின் பிளவில் செருகி, புது பிளேடால் ஒரே பக்கமாக இழுத்துச் சீவ வேண்டும். அறுக்கக் கூடாது. பத்து இருபது சீவல்களைத் தண்ணீரில் போட்டு, கண்ணாடி போலத் தெரிகிறதை மட்டும் எடுத்து, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தின் நீர்த்த கரைசலில் ஓரிரு நிமிடம் வைத்து, கழுவி, ஒரு சொட்டு கிளிசரினில் வைத்துக் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மூட வேண்டும். சைலம் சிவப்பாகத் தெரியும். வேரா தண்டா என்று தெரியாமல் மாணவர்கள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் சாய்வாகச் சீவியதுதான் காரணம், வட்டக் குழாய் நீள்வட்டமாகி எல்லாம் குழம்பிவிடும்.

நுண்ணோக்கி இல்லாவிட்டால் காசித்தும்பை இருக்கிறது. தண்டைத் தண்ணீருக்குள் வைத்தபடியே சாய்வாக வெட்டி, சிவப்பு மை கலந்த நீரில் ஒன்றிரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். ஒளி ஊடுருவும் அந்தத் தண்டில் சிவப்புக் கோடுகள் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். குறுக்கே வெட்டினால் புள்ளிகள் ஒரு வட்டத்தில் நிற்கும். மக்காச்சோளத் தண்டை இதே மாதிரி செய்தால் புள்ளிகள் குறுக்குவெட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். தண்ணீருக்குள் வெட்டச் சொல்வது ஏனென்றால், குழாய்க்குள் நீர் ஒரு அறுபடாத நூல் மாதிரி மேலிருந்து இழுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. காற்றில் வெட்டினால் காற்றுக்குமிழி புகுந்து நூல் அறுந்துவிடும். இலையில் ஆவியாகும் நீர் கீழிருக்கும் நீரை இழுக்கிறது என்ற இந்த விளக்கத்தை 1894இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் முன்வைத்தார்கள், இன்றுவரை அதுவே நிற்கிறது. வேர் கீழிருந்து தள்ளும் அழுத்தமும் உண்டு, ஆனால் சிறியது. விடியற்காலையில் நெல் இலை நுனியில் முத்து முத்தாக நிற்கும் நீரில் பெரும்பகுதி அந்த அழுத்தத்தால் வெளியே வந்ததுதான், பனி என்று நினைத்துக்கொள்கிறோம்.

காசித்தும்பைக்கும் மக்காச்சோளத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு மரங்களில் பெரிதாகத் தெரியும். மா, பலா, முந்திரி போன்றவற்றில் சைலத்துக்கும் ஃபுளோயத்துக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய ஈர அடுக்கு இருக்கிறது. வருடா வருடம் உட்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் சேர்ப்பது அதுதான். தடித்த மரத்தில்கூட உயிர்ப்பாக வளரும் பகுதி பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் இந்த மெல்லிய உறை. நடுவிலிருக்கும் பழைய சைலம் நீரை விட்டு, நிறம் ஏறி வைரம் பாய்ந்துவிடும். பனையிலும் தென்னையிலும் இந்தக் கேம்பியம் இல்லை, கற்றைகள் சிதறி, ஓரத்தில் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் பனையில் வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. தொல்காப்பிய மரபியல் புறக்காழ், அதாவது வெளியே வைரம், உள்ளவற்றைப் புல் என்றும் அகக்காழ் உள்ளவற்றை மரம் என்றும் பிரிப்பது இதே வேறுபாட்டை. தென்னையில் ஏறுவதற்கு வெட்டும் படி எத்தனை வருடம் ஆனாலும் மூடாது, மாமரத்தில் வெட்டுக்காயம் ஓரத்திலிருந்து உருண்டு வந்து மூடிக்கொள்ளும்.

புதுச்சேரியிலிருந்து பக்கத்தில்தான் திருவக்கரை. அங்கே கடலூர் மணற்கல் படிவில் ஏறத்தாழ இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சைலத்தின் செல் சுவர்கள் இருந்த இடத்தில் சிலிக்கா படிந்ததால் அது என்ன வகை மரம் என்றுகூட இன்றைக்குக் கண்டுபிடிக்க முடிகிறது. வேரும் கிளையும் இல்லாமல் அடிமரங்கள் மட்டும் படுத்துக் கிடப்பதால், வெள்ளத்தில் வேறெங்கிருந்தோ அடித்து வரப்பட்டவை என்று முடிவு செய்கிறார்கள். மகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

ஃபுளோயம் பட்டையோடு ஒட்டியிருப்பதை மறந்துவிட்டுத்தான் வீட்டு மரங்களை நாம் சாகடிக்கிறோம். துணி காயப்போடக் கட்டிய கம்பி இரண்டு வருடத்தில் பட்டைக்குள் இறங்கும். இலை தயாரித்த சர்க்கரை கம்பிக்குக் கீழே இறங்க முடியாமல் மேலே வீங்கி நிற்கும். மரம் கொஞ்ச நாள் செழிப்பாகக்கூடத் தெரியும், ஏனென்றால் சைலம் உள்ளே பத்திரமாக இருந்து நீரை ஏற்றிக்கொண்டிருக்கிறது. கீழே வேர் பட்டினியில் சாகும்போதுதான் இலை உதிரத் தொடங்கும், அப்போது கம்பியை வெட்டிப் பயனில்லை.

அதே செயலை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தி, கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர்விட வைப்பது விண்பதியம். கொய்யா அல்லது மாதுளையில் பென்சில் கனமுள்ள கிளையை எடுத்து, ஒரு கணுவுக்குக் கீழே இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை மோதிரம் போல உரித்து, அடியிலுள்ள வழவழப்பைக் கத்தி முதுகால் சுரண்டிவிட வேண்டும். அந்த வழவழப்புதான் கேம்பியம். சுரண்டாமல் விட்டால் பத்து நாளில் பட்டை மறுபடி பாலம் போட்டு வேர் வராது, பெரும்பாலான தோல்விக்கு இதுதான் காரணம். பிறகு ஈரமான பாசியை வைத்துப் பாலித்தீன் தாளால் இரண்டு முனையும் காற்றுப் புகாமல் கட்டினால், இறங்க வழியில்லாமல் சேர்ந்த சர்க்கரையின் பலத்தில் மழைக்காலத்தில் 30 முதல் 45 நாளில் வேர் விடும்.

கரும்பில் இந்த வேலையே தேவையில்லை. ஒவ்வொரு கணுவிலும் மொட்டுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வேர் முனைகள் தயாராகக் காத்திருக்கின்றன. நெல்லிக்குப்பம் பக்கம் கரணை என்ற கரும்புத் துண்டை நடுகிறவர்கள் பரு என்ற அந்த மொட்டுகள் பக்கவாட்டில் இருக்கும்படி வைப்பது, கீழ்நோக்கிய பரு மண்ணைச் சுற்றி வருவதற்குள் சோர்ந்துவிடும் என்பதால். முதலில் வரும் மெல்லிய கரணை வேர்கள் தற்காலிகம், புதுத் தூரின் அடிக்கணுக்களிலிருந்து வரும் தடித்த வேர்கள்தான் பயிரை நிறுத்தும். மண் அணைத்தால் அந்தக் கணுக்கள் மண்ணுக்குள் போய் இன்னும் வேர் விடும்.

இப்போது உங்கள் பலா. பலாக்கன்றின் ஆணிவேர் வேகமாகக் கீழே இறங்கும் இயல்புள்ளது, தொந்தரவு பட்டால் பொறுக்காது. ஒரு அடி உயரப் பையில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் நுனி அடியில் முட்டித் திரும்பிச் சுற்றத் தொடங்கும். பிறகு அந்த வேரிலும் கேம்பியம் உண்டாகித் தடிக்கும், கட்டையாகும். கட்டையான வேர் எத்தனை நல்ல மண்ணில் வைத்தாலும் நிமிராது. புது நுனிகள் வெளியே போயிருக்கும், அதனால் நான்கு வருடம் மேலே வளர்ந்தது. ஆனால் அடிமரம் தடிக்கத் தடிக்கச் சுருள்களும் தடித்து ஒன்றையொன்று நெரிக்கும், நாலாபக்கமும் பரந்து பிடிக்கும் வேர் உருவாகாது. மழையில் மண் ஊறி அதன் பிடிப்பு தளர்ந்ததும், தலைப்பாரமே மரத்தைச் சாய்க்கப் போதுமானது. 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் முந்திரியும் பலாவும் ஏராளமாக வேரோடு சாய்ந்தன. அங்கே காற்றின் வேகம் வேறு, ஆனால் ஊறிய மண், அகலக் கிளை என்ற கணக்கு ஒன்றே.

இரண்டு காரணங்கள் கூடச் சேர்ந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். குழியைச் சிறிதாக, கடினச் செம்மண்ணில் வழவழவென்ற சுவரோடு எடுத்திருந்தால் குழியே ஒரு தொட்டியாகிவிடும். தினமும் அடிமரத்திலேயே தண்ணீர் ஊற்றியிருந்தால் வேர் வெளியே போக வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இந்த மரத்தைக் காப்பாற்றலாமா? சுருள் இல்லாத மரம் ஓரளவு சாய்ந்திருந்தால் கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மெதுவாக நிமிர்த்தி, மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து வைக்கச் சொல்வேன். பந்தாகச் சுருண்ட வேருக்கு அது வீண் வேலை, அடுத்த மழையில் மறுபடி சாயும். எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே சரி.

புதிதாக வைக்கும்போது ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, சுவர்களைக் கடப்பாரையால் கொத்திவிடுங்கள். நாட்டுப் பலா போதுமென்றால் பழத்திலிருந்து எடுத்த புது விதை மூன்றை அந்த இடத்திலேயே ஊன்றி, நன்றாக வரும் ஒன்றை விட்டு மற்றதை வெட்டிவிடுவது எல்லாவற்றிலும் மேல். விதை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும், வாரக்கணக்கில் வைக்காதீர்கள். ஒட்டுக்கன்று வேண்டுமென்றால் நர்சரியில் பையின் அடியைப் பாருங்கள், ஓட்டை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் வாங்க வேண்டாம். உயரமான கன்றைத் தேடாமல் சிறிய கன்றை எடுங்கள். நடும்போது பையைக் கிழித்து அகற்றி, சுற்றிய வேர் இருந்தால் பக்கவாட்டில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி, அடியில் சுருண்டதை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள். வெட்டப்பட்ட இடத்துக்கு மேலே பெரிசைக்கிளிலிருந்து புது வேர் வெளிநோக்கிக் கிளம்பும். ஒட்டுக்கட்டிய இடம் தரைக்கு மேலேயே இருக்க வேண்டும். தண்டு மண்ணுக்குள் புதைந்தால் கழுத்தழுகல் வரும். கடலூரில் நீர் தேங்கும் மனையென்றால் தரையைவிட அரை அடி மேடாக்கி நடுங்கள்.

குச்சி கட்டினால் கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், தளர்வாக, பழைய சைக்கிள் டியூபால் கட்டுங்கள். கொஞ்சம் ஆட விட வேண்டும், ஆடும் தண்டுதான் அடியில் தடிக்கும், வேரும் பிடிக்கும். ஒரு வருடத்தில் குச்சியை எடுத்துவிடுங்கள். பாத்தியை வருடா வருடம் அகலப்படுத்தி, தண்ணீரையும் எருவையும் கிளை நுனிக்கு நேர் கீழே கொடுங்கள். உறிஞ்சும் நுனிகள் அங்கேதான் இருக்கின்றன, அடிமரத்தை ஒட்டியிருப்பவை பெரும்பாலும் பிடித்து நிறுத்தும் கட்டை வேர்கள்.

சாய்ந்த மரத்தை வெட்டும்போது அடிமரத்தில் ஒரு வில்லையும், சுருண்ட வேரில் ஒரு வில்லையும் அறுத்து மகளிடம் கொடுங்கள். வழவழவென்று தேய்த்துப் பார்த்தால் தண்டின் வில்லையில் நடுவில் சிறிய பித்தும் சுற்றி வெளிறிய கட்டையும் தெரியும். நான்கு வயதில் பலாவின் மஞ்சள் வைரம் அதிகம் பாய்ந்திருக்காது. வேரின் வில்லையில் நடுவரை சைலம் நிரம்பியிருக்கும், பித்தைத் தேடினாலும் கிடைப்பது அரிது.